காவலர் பணியில் உடம்பையும் உயிரையும் வேலையையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி, பயிற்சிப் பள்ளிக்குப் போகக் காத்திருக்கும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "என் சித்தப்பா தலைமைக் காவலராக இருந்தவர். ஐம்பது வயது நிறைவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். அதனால் அம்மா இந்த வேலையே வேண்டாம் என்கிறார். உடம்பு கெடாமல், உயிருக்கு ஆபத்து வராமல், அதே சமயம் பதவியிலும் உயர்ந்து இந்தத் துறையில் இருக்க முடியுமா?"

முடியும், தம்பி. 1988-இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, துறை ஒதுக்கீட்டில் தேர்வு எழுதி உதவி ஆய்வாளராகி, 2025-இல் ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என்னோடு கவாத்து பழகியவர்களில் இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறவர்களும் உண்டு, பணியில் இருக்கும்போதே நாங்கள் மாலை போட்டு அனுப்பிவைத்தவர்களும் உண்டு, தற்காலிகப் பணிநீக்கத்தில் ஆரம்பித்து நீதிமன்றத்தில் வாழ்க்கையைத் தொலைத்தவர்களும் உண்டு. இவர்களுக்குள் என்ன வேறுபாடு என்று யோசிக்கும்போதெல்லாம் வீரமோ படிப்போ சிபாரிசோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. அசதியை யார் எப்படிக் கையாண்டார்கள் என்பதே வருகிறது. நீங்கள் தனித்தனியாகக் கேட்ட மூன்றும், அதாவது உடம்பும் பாதுகாப்பும் பதவியும், அந்த இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஆகவே தூக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம் உங்களை விடியும் முன் எழுப்பி ஓட விடுவார்கள். கவாத்து, ஆயுதப் பயிற்சி, சட்ட வகுப்பு என்று நாள் நிரம்பியிருக்கும். இதைவிடக் கடினம் வேறில்லை என்று அப்போது தோன்றும். ஆனால் உங்கள் பணிக்காலத்தில் நேரத்துக்குச் சாப்பாடும் நேரத்துக்குத் தூக்கமும் கிடைக்கப்போகிற மாதங்கள் அவைதான். வெளியே வந்து சிறப்புக் காவல்படைக்கோ ஆயுதப்படைக்கோ அனுப்பப்பட்ட பிறகு பாரா என்னும் காவல் நிற்கும் பணி, கைதி வழிக்காவல், கட்சி மாநாடு, தேர்த் திருவிழா, தேர்தல் என்று வரிசையாக வரும். முக்கியப் பிரமுகர் காலை பத்து மணிக்கு வருகிறார் என்றால் நீங்கள் ஐந்து மணிக்கே சாலையோரத்தில் நின்றாக வேண்டும். ஐந்து மணிக்கு நிற்க வேண்டுமானால் இரண்டரை மணிக்கு வண்டி ஏற வேண்டும். அவர் போன பிறகும் மைக்கில், அதாவது வயர்லெஸ்ஸில், 'கலையலாம்' என்ற சொல் வரும்வரை நின்ற இடத்தைவிட்டு நகர முடியாது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்றும், 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம் என்றும் தூக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வைத்திருக்கும் வரம்போ 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம், அதாவது 0.03 சதவீதம். ஆக, இரவு முழுக்கச் சாலையில் நின்று மற்றவர்களை ஊதச் சொல்லிவிட்டு, விடிந்ததும் தன் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிற காவலர், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே, தான் வழக்குப் போட்ட ஆளைவிட மோசமான நிலையில் வண்டி ஓட்டுகிறார். என் உடன் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர் சித்திரைத் திருவிழா பந்தோபஸ்து முடிந்து இப்படித்தான் கிளம்பினார். ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது நேரான சாலையில், எதிரே வண்டி எதுவும் இல்லாத நேரத்தில், புளியமரத்தில் மோதினார். நானே போய்ப் பார்த்தேன். பிரேக் போட்ட தடம் சாலையில் இல்லவே இல்லை.

பணியின்போது இறக்கும் காவலர்களின் கணக்கைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் ரவுடிகளாலோ கலவரத்திலோ கொல்லப்பட்டவர்களைவிட விபத்தில் இறந்தவர்களே அதிகம். உங்கள் அம்மா அரிவாளுக்குப் பயப்படுகிறார், நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு முன்னால் அவர் பயப்பட வேண்டியது விடியற்காலை நாலரை மணி பைக்குக்கு. இரவுப் பணி முடிந்ததும் நிலையத்து பெஞ்சிலேயே இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு கிளம்புங்கள். பெரிய பந்தோபஸ்து முடிந்த நாளென்றால் பைக்கை விட்டுவிட்டுப் பேருந்தில் போங்கள். இரவுப் பணிக்கு முந்தைய மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடுவது, இரவு இரண்டு மணிக்குப் பிறகு டீயை நிறுத்துவது, வீட்டில் பகலில் தூங்க ஓர் அறையை இருட்டாக வைத்துக்கொண்டு கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுவது ஆகிய மூன்று பழக்கங்களும் என்னைப் பல ஆண்டு காப்பாற்றின. தலைக்கவசத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அபராதம் போடுகிறவர் நீங்கள்.

வார ஓய்வைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 நவம்பரில் ஆணையிட்டது. ஆணை இருக்கிறது, ஆளும் இருந்தால்தான் ஓய்வு கிடைக்கும் என்பது நிலையத்தின் நடைமுறை. மும்பையில் 2016-இல் தேவ்னார் காவல் நிலையத்தில், ஒரு காவலர் போட்டுக் கொடுத்த கணக்கின் அடிப்படையில், இருக்கிற ஆட்களைக் கொண்டே எட்டு மணி நேரப் பணியை நடத்திக் காட்டினார்கள். பிறகு அது நகரத்தின் மற்ற நிலையங்களுக்கும் பரவியது. முடியவே முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் அரசின் அனுமதியின்றி நமக்குச் சங்கம் வைக்கும் உரிமை கிடையாது. அதனால் முணுமுணுப்பு முணுமுணுப்பாகவே நின்றுவிடுகிறது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஓய்வு மறுக்கப்பட்ட நாட்களைக் கைக்குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கண்காணிப்பாளரின் குறைதீர்க்கும் நாளில் 'எனக்கு ஓய்வே தருவதில்லை' என்று பேசுகிறவரின் மனுவுக்கும், 'கடந்த மூன்று மாதத்தில் இந்த இந்த ஒன்பது நாட்கள்' என்று எழுதிக் கொடுப்பவரின் மனுவுக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை.

உடம்பைப் பொறுத்தவரை கால், வயிறு, நெஞ்சு என்ற வரிசையில் கெடும். மணிக்கணக்காக அசையாமல் நிற்பவருக்குக் கெண்டைக்கால் தசை இயங்காததால் இரத்தம் மேலே திரும்ப முடியாமல் தேங்கி நரம்பு சுருட்டிக்கொள்ளும். நிற்கும் இடத்திலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது யார் கண்ணுக்கும் படாத வைத்தியம். பந்தோபஸ்தில் கிடைக்கும் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை; இரவு ரோந்தில் ஒரு மணிக்குச் சாப்பிடும் புரோட்டாவும் சால்னாவும்தான் பத்தாண்டு கழித்து இடுப்புப் பட்டையில் புதுத் துளை போட வைக்கின்றன. சாலையில் கழிப்பறை இல்லை என்பதால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பழக்கம், குறிப்பாகப் பெண் காவலர்களிடம், சிறுநீர்த் தொற்றாகவும் கல்லாகவும் முடிகிறது. முதலமைச்சர் செல்லும் வழியில் பெண் காவலர்களைச் சாலையோரத்தில் நிறுத்தக் கூடாது என்று 2021-இல் உத்தரவு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆண்களுக்கும் கோடையில் அதே கதைதான். ஒரு லிட்டர் பாட்டிலும் இரண்டு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் பையில் இல்லாமல் பகல் பந்தோபஸ்துக்குப் போகாதீர்கள்.

குடியைப் பற்றி எழுதாமல் விட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். நம் துறையில் குடி பெரும்பாலும் கொண்டாட்டமாகத் தொடங்குவதில்லை. தூக்கம் வருவதற்கான மருந்தாகத் தொடங்குகிறது. ரயில் பாதையில் சிதறியதைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்த அன்றைக்கு, கிணற்றிலிருந்து குழந்தையைத் தூக்கிய அன்றைக்கு, யாராவது ஒரு மூத்தவர் 'ரெண்டு போட்டுட்டுப் படுடா, எல்லாம் சரியாயிடும்' என்பார். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். அந்தத் தூக்கம் தூக்கமே இல்லை என்பதும், ஒரு வாரத்தில் இரண்டு மூன்றாகும் என்பதும் அவருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, பார்த்ததை அன்றிரவே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்ல முடியாதென்றால் உடன் பயிற்சி பெற்றவரிடம் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரமாகத் தூக்கம் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் கோபம் வருகிறது, வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால், அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் துணையோடு நம் துறையே காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியை நடத்தியது. அதற்கு அனுப்பினால் 'தண்டனைப் பயிற்சி' என்று கேலி பேசுகிறவர்களைப் பொருட்படுத்தாமல் போய் உட்காருங்கள். துறைக்குத் தெரியாமல் பேச வேண்டுமானால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், 104-உம் இருக்கிறது. 2023 ஜூலையில் கோவையில் பணியாற்றிய ஒரு காவல்துறைத் துணைத் தலைவரையே நாம் இப்படி இழந்தோம். தோளில் உள்ள நட்சத்திரங்களுக்கும் மனத்தின் பாரத்துக்கும் தொடர்பில்லை என்பது அன்றைக்கு எல்லா நிலையங்களிலும் பேசப்பட்டது. ஒரு மாதத்தில் மறந்தும் போனோம்.

இனி அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். 2020 ஜனவரி 8 அன்று இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பர் 21 அதிகாலையில் திருச்சி நவல்பட்டு நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு போனவர்களைத் தன் பைக்கில் விரட்டிச் சென்று, புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் மடக்கிப் பிடித்தார்; பிடித்த இடத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஆகஸ்டில் திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் பகுதியில் ஒரு தோட்டத்தில் தகப்பனுக்கும் மகன்களுக்கும் நடந்த தகராறை விசாரிக்கப் போன சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். இவர்களின் வீரத்தைப் பற்றிப் பேச வேண்டிய மேடைகள் வேறு. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அந்தச் சூழ்நிலைகளைப் பற்றி.

பூமிநாதன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் ஆடு திருட்டு. கைதானவர்களில் இருவர் சிறுவர்கள். இரண்டையும் கேட்டால் யாருக்கும் அது உயிர்ப் பிரச்சினையாகத் தோன்றாது. சின்ன வழக்கு, சின்னப் பையன்கள் என்று மனம் அளந்துவிடும் அந்த இடத்தில்தான் இடைவெளி குறைகிறது, முதுகு திரும்புகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரவு ரோந்து செல்லும் அதிகாரிகள் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் அறிவுறுத்தினார். என் கருத்தில் துப்பாக்கியைவிடப் பெரிய ஆயுதம் இரண்டாவது ஆள். வண்டி எண்ணையும் போகும் திசையையும் மைக்கில் சொல்லிவிட்டு, பின்னால் ஆள் வரும்வரை தூரத்தில் தொடர்ந்தாலே போதும். ஆடு போனால் ஆடு, நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம். ஒருவரைப் பிடித்துவிட்டால் முதலில் அவருடைய கைகளைப் பாருங்கள், பிறகு இடுப்பை. முகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். குடும்பத் தகராறு என்று அழைப்பு வந்தால் வீட்டுக்குள் நுழையும் முன் சமையலறை எந்தப் பக்கம், அரிவாள் வைக்கும் மூலை எது, வெளியே வர எத்தனை வழி என்று வாசலிலேயே பார்த்துவிட்டு, சண்டையிடுபவர்களை வெளிச்சமுள்ள முற்றத்துக்கு வரச் சொல்லிப் பேசுங்கள்.

வெளிமாநிலத்துக்குக் குற்றவாளியைப் பிடிக்கப் போவது இன்னொரு ஆபத்து. 2017 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் ஆய்வாளர் பெரியபாண்டியன் உயிரிழந்தார். உடன் சென்ற அதிகாரியின் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்ததே காரணம் என்று ராஜஸ்தான் காவல்துறை விசாரணையில் தெரிவித்தது. பல நாள் பயணம், தெரியாத மொழி, தெரியாத ஊர், அரைத் தூக்கம், கையில் குண்டு நிரப்பிய ஆயுதம். உள்ளூர் நிலையத்தில் தகவல் சொல்லி அவர்களுடைய ஆட்களையும் சேர்த்துக்கொள்வதும், விசையிலிருந்து விரலை விலக்கி வைப்பதும் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கப்படுபவைதான். தூக்கமில்லாத நாலாவது நாளில் நினைவிலிருப்பது மட்டுமே பயிற்சி.

நமக்கு மற்றவர்களால் வரும் ஆபத்து இவ்வளவு. நம்மால் மற்றவர்களுக்கு வந்து, அதன் வழியே நம் வாழ்க்கையே முடிந்துபோகிற ஆபத்து ஒன்றும் இருக்கிறது. பணிக்கு வந்து ஆறாவது ஆண்டில், ஒரு நிலையத்தில், அதிகாலை மூன்று மணிக்கு, நகைத் திருட்டில் சந்தேகப்பட்டு அழைத்து வரப்பட்ட ஒருவரை விசாரித்துக்கொண்டிருந்தோம். நான் முந்தைய நாள் காலையிலிருந்து விழித்திருக்கிறேன். அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல, எனக்கு நெற்றிப்பொட்டு துடித்தது; மேசையிலிருந்த லத்தியை எடுத்துவிட்டேன். அங்கிருந்த ஏட்டையா, அதாவது தலைமைக் காவலர், எழுந்து வந்து, என் கையிலிருந்து அதை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, 'வா தம்பி, டீ குடிச்சிட்டு வரலாம்' என்று வெளியே கூட்டிப்போனார். டீக்கடை அடுப்பு அப்போதுதான் பற்றவைக்கப்பட்டிருந்தது. பால் கொதிக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்த பிறகு, 'அவன் பொய் சொல்றானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தூக்கம் வருதுன்னு தெரியுது' என்றார். காலையில் விசாரித்தபோது அந்த ஆளுக்கும் நகைக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. அந்த ஏட்டையா மட்டும் அன்று பணியில் இல்லாமலிருந்தால் நான் இன்று இதை ஓய்வூதியத்தோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்த வழக்கில் ஆய்வாளர் முதல் காவலர் வரை ஒன்பது பேர்மீது மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி விசாரணையில் இறந்தபோது ஐந்து காவலர்கள் கைதானார்கள். மேலிருந்து 'எப்படியாவது இன்றைக்குள் முடி' என்று வாய்மொழியாக வருகிற உத்தரவுக்கு எழுத்தில் தடயம் இருக்காது. அடித்த கை யாருடையதோ அவர் பெயர் மட்டுமே ஆவணத்தில் இருக்கும். சாத்தான்குளத்தில் அன்றிரவு பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் தான் பார்த்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். அந்த நிலையத்தில் அந்த நேரத்தில் அதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது காக்கி போட்டவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். தவறான உத்தரவு வந்தால் எதிர்த்துச் சண்டை போட வேண்டியதில்லை. 'ஐயா, பொது நாட்குறிப்பில் எழுதிவிட்டுச் செய்கிறேன்' என்று பணிவாகச் சொல்லுங்கள். பத்தில் எட்டு உத்தரவு அந்த ஒரு வாக்கியத்திலேயே திரும்பிப் போய்விடும்.

இதனால்தான் எழுத்தை நான் பாதுகாப்புக் கவசம் என்றே கருதுகிறேன். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த 11 கட்டளைகளில் கைதுக் குறிப்பு எழுதுவது, அதில் சாட்சி கையெழுத்து வாங்குவது, உறவினருக்குத் தகவல் சொல்வது, 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்விப்பது எல்லாம் கைதானவரைக் காப்பதற்காக வந்தவை. ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அவை உங்களையும் அதே அளவு காக்கும். பழைய காயத்தோடு வந்தவரை மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யாமல் நிலையத்தில் வைத்துக்கொண்டால் அந்தக் காயம் உங்கள் கணக்கில் சேரும். 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் பிறகு, ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணத்தை எழுதாமல் கைது செய்தால் காவல் அதிகாரியே துறை நடவடிக்கைக்கும் நீதிமன்ற அவமதிப்புக்கும் உள்ளாக நேரிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. பலர் இதை வேலைச் சுமை என்கிறார்கள். நான் பணியில் இருந்த கடைசி ஆண்டில், 'பணத்தை போலீஸ் எடுத்துக்கொண்டது' என்று வந்த ஒரு புகார், அந்த ஆறு நிமிடக் காணொளியால் அன்று மாலையே முடிந்துபோனது.

பதவி உயர்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் 10 ஆண்டில் முதல்நிலைக் காவலர், 15 ஆண்டில் தலைமைக் காவலர், 25 ஆண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த கணக்கு. அரசு இந்த வரம்புகளை அவ்வப்போது தளர்த்துகிறது. ஆனால் 'ஒன்றுமே செய்யாமல்' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது: தண்டனை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. துறை விதிகளின்படி குற்றம் சாட்டி விளக்கம் கேட்கும் குறிப்பாணைகளைப் பற்றி, சிறு தண்டனைக்கான 3(ஏ), பெரிய தண்டனைக்கான 3(பி) என்று, நீங்கள் சீக்கிரமே கேள்விப்படுவீர்கள். 3(பி) நிலுவையில் இருந்தால் உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் உங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் பார்த்த குறிப்பாணைகளில் பெரும்பாலானவை லஞ்சத்துக்காக வந்தவை அல்ல. பாராவில் தூங்கியது, பணிக்குத் தாமதமாக வந்தது, கைதி தப்பியது, மேலதிகாரியிடம் வாய் தடித்துப் பேசியது என்று மறுபடியும் அசதியிலேயே வந்து நின்றன. குறிப்பாணை வந்துவிட்டால் கோபத்தில் அன்றே பதில் எழுதாதீர்கள். அலட்சியத்தில் கெடுவையும் தாண்டவிடாதீர்கள். எந்த ஆவணத்தை வைத்துக் குற்றம் சாட்டுகிறார்கள் என்று நகல் கேட்டு வாங்கி, உங்கள் கைக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, தேதிவாரியாகப் பதில் கொடுங்கள்.

வேகமாக ஏற வேண்டுமானால் வழி உதவி ஆய்வாளர் தேர்வுதான். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அந்தத் தேர்வில் 20 சதவீத இடம் துறையில் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. வயது வரம்பும் நமக்குத் தளர்த்தப்பட்டது. சட்டப் பிரிவுகளையும் காவல் நிலையாணைகளையும் வெளியிலிருந்து படிக்கிறவர் மனப்பாடம் செய்ய வேண்டும். உங்களுக்கோ அவை தினசரி வேலை. நான் பாரா முடிந்து வந்து ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் என்று மூன்றாண்டு படித்தேன். அதற்கு மேல் படித்தால் தூக்கம் கெடும் என்று வைத்துக்கொண்ட கணக்கு அது, சரியாகவே வந்தது. நிலையத்துக்கு வந்த பிறகு, எழுத்து வேலைகளைப் பார்க்கும் ரைட்டரிடம் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை, வழக்கு நாட்குறிப்பு, மகஜர் எழுதத் தெரிந்த காவலரை எந்த ஆய்வாளரும் சாலையில் நிற்க அனுப்ப மாட்டார். தமிழ்த் தட்டச்சும் கணினியும் தெரிந்திருந்தால் இணையவழிக் குற்றப்பிரிவு போன்ற இடங்கள் திறக்கும். எந்த உயரதிகாரியின் வீட்டு வேலைக்கும் விரும்பிப் போகாதீர்கள். ஆர்டர்லி முறை 1979-லேயே ஒழிக்கப்பட்டதாக ஆணை இருக்கிறது, அதைக் கடைப்பிடிக்கச் சொல்லி 2022-லும் உயர் நீதிமன்றம் வலியுறுத்த வேண்டியிருந்தது. அந்த வழியில் வரும் சலுகை அந்த அதிகாரி மாறுதலாகிப் போகும்வரைதான்.

பணம், சமூக ஊடகம் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு மற்றவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். கைப்பேசி ரம்மிப் பக்கம் போகாதீர்கள். சீருடையில் காணொளி எடுத்துப் போடாதீர்கள். சம்பளக் கணக்கை வங்கியின் அரசு ஊழியர் சம்பளத் திட்டத்துக்கு மாற்றிக்கொண்டீர்களா என்று முதல் மாதமே கேளுங்கள். 2025-இல் அரசு ஏழு வங்கிகளோடு செய்த ஒப்பந்தப்படி அதில் 1 கோடி ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டணமின்றி வருகிறது. வாரிசுப் பெயரை நிரப்பி, அந்தத் தாளின் நகலை அம்மாவிடம் கொடுங்கள். உங்களோடு பயிற்சி பெறுகிறவர்களின் குழுவிலும் கட்டாயம் இருங்கள். உடன் சேர்ந்தவர் ஒருவர் இறந்தால் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்கு லட்சங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் நம் காவலர்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. அந்தக் காசைக் கொடுக்கப் போன வீடுகளில், பெரும்பாலான படங்களில் இருந்தவர்களுக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை.

சித்தப்பாவைப் பற்றி ஒன்று. காவலர் வேலைதான் அவரைக் கொண்டுபோனது என்று உங்கள் வீட்டில் முடிவு கட்டிவிட்டதாகத் தெரிகிறது. பாதி உண்மையாக இருக்கலாம். பயிற்சிக்குக் கிளம்பும் முன் சித்தியைப் போய்ப் பார்த்து, அவருடைய பழைய மருத்துவச் சீட்டுகளை வாங்கிப் பாருங்கள். சர்க்கரை எந்த வயதில் வந்தது, இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா, பீடியோ சிகரெட்டோ உண்டா, தாத்தா எப்படி இறந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு அரசு மருத்துவமனைக்குப் போய், இந்த வயதிலேயே ஒரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு ஆண்டுதோறும் உங்கள் பிறந்த நாள் விடுப்பில் அதைச் செய்யலாம். போகும்போது அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கும் பார்த்து நாளாகியிருக்கும்.